பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும்: வைட்டமின் குறைபாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தபோது, "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படியே போனது. நடுவில் யார் யாரோ சொன்ன சத்து மாத்திரைகள், தைலங்கள். ஒருநாள் இரவு விளக்குப் போடாமல் எழுந்து நடந்தவர் தடுமாறி விழுந்தார். அதற்குப் பிறகுதான் முறையான பரிசோதனை நடந்தது. ரத்தத்தில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது.

இப்போது எரிச்சல் இல்லை. விரல் நுனிகளில் மட்டும் கொஞ்சம் மரப்பு மிச்சம் இருக்கிறது. முன்பே வந்திருந்தால் அதுவும் போயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு தெரிந்தவர்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்காகப் படித்ததும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இது.

உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, பாதத்தில் ஏன் முதலில் தெரிகிறது?

நரம்பின் நீளம்தான் காரணம். கால் விரல் நுனியின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. அந்தச் செல்லின் உடல் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய 1 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் வேண்டிய சரக்கை அந்த ஒரு செல்தான் தயாரித்து அனுப்ப வேண்டும். சத்து குறைந்தாலோ, சர்க்கரை கூடினாலோ, கடைசி முனைக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வது மாதிரி.

அதனால்தான் இந்த வகைத் தொல்லை பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வரும்போது கை விரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும். காலுறையும் கையுறையும் போட்டால் எந்த இடம் மறையுமோ அந்த இடமெல்லாம் பாதிக்கப்பட்டிருக்கும். ஒரே காலில் மட்டும் இருக்கிறது, அல்லது ஒரு விரலிடுக்கில் மட்டும் சுரீரென்று இழுக்கிறது என்றால் வைட்டமினைவிட இடுப்பு டிஸ்க், கணுக்காலில் நரம்பு அழுத்தப்படுவது போன்ற வேறு காரணங்களை முதலில் பார்ப்பார்கள்.

என்னென்ன மாதிரி தெரியும்?

ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி, மதமதவென்று, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. இந்த வித்தியாசத்துக்கே அர்த்தம் உண்டு. நரம்பில் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் இருக்கின்றன. வலி, சூடு, குளிர் இவற்றை மெல்லியவை சொல்கின்றன. அவை கெட்டால் எரிச்சலும் குத்தலும். அதிர்வு, கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் தடித்தவை சொல்கின்றன. அவை கெட்டால் மரப்பும் தள்ளாட்டமும்.

பி12 குறைவில் இந்த இரண்டாவது வகை அதிகம். செருப்பு காலிலிருந்து கழன்றதே தெரியாமல் நான்கு அடி நடந்திருப்பார்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும். வெளிச்சத்தில் நன்றாக நடப்பவர் இருட்டில் தடுமாறுவார், ஏனென்றால் அதுவரை கால் சொல்ல வேண்டியதைக் கண்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா விழுந்ததும் அப்படித்தான். கண்ணை மூடி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி மருத்துவர் பார்ப்பதும் இதற்காகத்தான். இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள்.

ராத்திரியில் மட்டும் ஏன் எரிச்சல் அதிகமாகிறது?

பகலில் நடை, வேலை, பேச்சு என்று மூளைக்கு வேறு செய்திகள் வந்துகொண்டே இருக்கும். படுத்த பிறகு அதெல்லாம் அடங்கிவிடுவதால் நரம்பு அனுப்பும் தவறான செய்தி மட்டும் பெரிதாகக் கேட்கிறது. போர்வை உரசுவதுகூடச் சிலருக்குத் தாங்காது. காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் ஒரு தவிப்பு, அசைத்தால் கொஞ்சம் நிம்மதி என்றால் அது வேறு தொல்லையாக இருக்கலாம். அதற்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம் என்பதால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேட்டுப் பாருங்கள்.

எந்த வைட்டமின் குறைந்தால் இப்படி வரும்?

முதலில் பி12. அடுத்து பி1, பி6, வைட்டமின் ஈ. வைட்டமின் இல்லாவிட்டாலும் தாமிரச் சத்தையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். அது குறைந்தால் அச்சு அசலாக பி12 குறைவு மாதிரியே இருக்கும். துத்தநாக மாத்திரையை நீண்ட நாள் அளவுக்கு மீறி எடுப்பவர்களுக்குத் தாமிரம் குறையும். துத்தநாகம் கலந்த பல்செட் ஒட்டும் பசையை ஏராளமாகப் பயன்படுத்தியே இதில் மாட்டியவர்கள் உண்டு.

வைட்டமின் ஈ சாப்பாட்டில் குறைவதால் மட்டும் நரம்பு கெடுவது அரிது. கொழுப்பைக் குடல் உறிஞ்ச முடியாத நோய்கள் உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கவலை.

பி12 அப்படி என்ன செய்கிறது?

மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்பிழைக்கு மேலே மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. செய்தி வேகமாகவும் சிதறாமலும் போவது அதனால்தான். அந்த உறையை உருவாக்கவும் பராமரிக்கவும் பி12 வேண்டும். அது இல்லாதபோது காலில் உள்ள நரம்புகள் மட்டுமல்லாமல், முதுகுத்தண்டின் பின்பகுதியில் அதிர்வையும் நிலையையும் மூளைக்கு எடுத்துச் செல்லும் பாதைகளும் சிதைகின்றன. இதனால்தான் பி12 குறைவை "கொஞ்சம் சத்துக் குறைவு" என்று லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஞாபக மறதி, எரிச்சல்படும் மனநிலை, நாக்குப் புண் இவையும் கூடவே வரலாம்.

வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மைக்ரோகிராம். கல்லீரல் இதைச் சில மில்லிகிராம் அளவுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால் வரவு நின்ற பிறகும் பல வருடங்களுக்கு ஒன்றும் தெரியாது. "இத்தனை வருஷமா இதே சாப்பாடுதானே, இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சேமிப்பு இப்போதுதான் தீர்ந்திருக்கிறது.

யாருக்கெல்லாம் பி12 குறைய வாய்ப்பு அதிகம்?

இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்குக் குறைவது எல்லோருக்கும் தெரியும். நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கும் குறையும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

பி12 வாயிலிருந்து ரத்தத்துக்குப் போவது நீண்ட பயணம். உணவிலிருந்து அதைப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். பிறகு வயிற்றுச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரதத்தோடு சேர்ந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்சும். இதில் எந்த இடத்தில் தடை வந்தாலும் தட்டில் எவ்வளவு வைத்தாலும் பயனில்லை.

வயதானவர்களுக்கு அமிலம் குறைகிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரையை (ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை) வருடக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் அப்படியே. பெர்னீசியஸ் அனீமியா உள்ளவர்களுக்கு அந்தப் புரதமே சுரக்காது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் வயிற்றுச் செல்களையே தாக்கிவிடுகிறது. எடை குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்கள், கிரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் இவர்களுக்கும் அபாயம் உண்டு.

நைட்ரஸ் ஆக்சைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மயக்க மருந்தாகப் பயன்படும் இந்த வாயுவைச் சில இளைஞர்கள் போதைக்காக முகர்கிறார்கள். அது உடம்பில் இருக்கும் பி12-ஐயே செயலிழக்கச் செய்துவிடும். ரத்தத்தில் அளவு சரியாகக் காட்டும், கால் மட்டும் நடக்காது. இருபது வயதில் சக்கர நாற்காலிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்குப் போகும்போது இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். கால் எரிச்சல் சர்க்கரையாலா, மாத்திரையாலா?

இரண்டாலும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பாத நரம்புப் பாதிப்புக்கு உலகம் முழுக்க முதல் காரணம் சர்க்கரை நோய்தான். அதே சமயம் மெட்ஃபார்மின் நீண்ட காலம், அதிக அளவில் எடுப்பவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. கால் எரிகிறது என்றவுடன் "சர்க்கரைதான்" என்று முடிவு கட்டிவிட்டால், சரிசெய்யக்கூடிய பாதி அப்படியே கவனிக்கப்படாமல் நின்றுவிடும்.

ஆகவே மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அவ்வப்போது பி12 பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது சர்க்கரைக்கு நல்ல மருந்து. பி12 குறைந்தால் பி12-ஐக் கூடவே கொடுத்துச் சமாளிக்கலாம்.

ரத்தசோகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் பி12 குறைவு இருக்காதுதானே?

இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெட்டவர்கள் நிறையப் பேர். ரத்தமும் நரம்பும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட வேண்டும் என்று இல்லை.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. பி12 குறைந்திருப்பவர் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும். அறிக்கையைப் பார்த்தால் எல்லாம் நலம்போல் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கும் முன் பி12 பார்ப்பது முக்கியம்.

என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

முதலில் கால்தான், பிறகுதான் ரத்தம். மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். கணுக்காலில் சுத்தியலால் தட்டுவார். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை நிறையச் சொல்லிவிடும். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மருந்துச் சீட்டு கையில் வந்தால், "காலைக் கொஞ்சம் பாருங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அதில் தவறே இல்லை. நாங்கள் கேட்காமல் விட்டோம்.

ரத்தத்தில் முழு ரத்த அணுப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, சிறுநீரகம், பி12 இவை பொதுவாக முதல் வரிசை. பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். 200-லிருந்து 300 வரை இரண்டுங்கெட்டான் நிலை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை கொஞ்சம் மாறும். அந்த நடுப்பகுதியில் இருந்து, காலில் தொல்லையும் இருந்தால், மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் என்ற இரண்டையும் பார்க்கலாம். செல்லுக்குள் பி12 போதாதபோது இவை ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும் என்பதால் தனியாக வைத்து முடிவு செய்ய முடியாது.

நரம்பு மின்கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. அது தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டு, பாதம் தீயாய் எரியும் ஒருவருக்கு அறிக்கை "நார்மல்" என்று வரலாம். அதை வைத்து "எல்லாம் உங்கள் கற்பனை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோலில் சிறு துணுக்கு எடுத்து மெல்லிய இழைகளை எண்ணிப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

பரிசோதனைக்கு முன்பே வைட்டமின் மாத்திரை தொடங்கலாமா? என்ன கெட்டுவிடும்?

தயவுசெய்து வேண்டாம். சில நாள் மாத்திரையோ ஒரே ஓர் ஊசியோ போதும், ரத்தத்தில் பி12 அளவு எக்கச்சக்கமாக ஏறிவிடும். அதற்குப் பிறகு உண்மையில் குறைந்திருந்ததா, ஏன் குறைந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். பயோட்டின் (முடிக்காகப் பலர் எடுக்கும் ஒரு பி வைட்டமின்) அதிகம் உள்ள மாத்திரைகள் தைராய்டு சோதனையின் முடிவையே தவறாகக் காட்ட வைக்கும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அட்டையையோ டப்பாவையோ கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. நடை வேகமாக மோசமாகிக்கொண்டிருந்தால் ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரே ஊசியைத் தொடங்கிவிடுவார். அது சரிதான்.

பி காம்ப்ளெக்ஸ் நீரில் கரைவதுதானே? அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்கிறார்களே?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. பி6, அதாவது பைரிடாக்ஸின், குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் நரம்பு கெடும். கூடினால் வரும் தொல்லை என்ன தெரியுமா? பாதத்தில் மரப்பு, எரிச்சல், தள்ளாட்டம். எந்தத் தொல்லைக்காக மாத்திரையைத் தொடங்கினார்களோ அதே தொல்லை. அது கூடக்கூட, "சத்து போதவில்லை" என்று இன்னும் ஒரு மாத்திரை சேர்ப்பார்கள்.

1983-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, தினமும் 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்து நடக்கவே தடுமாறிய ஏழு பேரை விவரித்தது. அவ்வளவு பெரிய அளவு யாரும் எடுப்பதில்லைதான். ஆனால் அதைவிட மிகக் குறைந்த அளவிலும், மாதக்கணக்கில் எடுத்தால் சிலருக்குப் பாதிப்பு வருகிறது என்று பிறகு தெரிந்தது. வயது வந்தவரின் அன்றாடத் தேவை 1.3 முதல் 1.7 மில்லிகிராம். அமெரிக்காவில் மேல் எல்லையாக 100 மில்லிகிராமை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன் மேல் எல்லையை வெறும் 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் நரம்புச் சத்து மாத்திரையின் அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பைரிடாக்ஸின் எவ்வளவு என்று எழுதியிருக்கும். இரண்டு மூன்று விதமான மாத்திரைகள் எடுத்தால் எல்லாவற்றிலும் இருப்பதைக் கூட்டிப் பாருங்கள்.

நல்ல செய்தி, நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குத் தொல்லை கூடுவதுபோல் இருந்து, அப்புறம்தான் இறங்கும்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்கள் இதைப் படித்துப் பயந்து பி6-ஐ நிறுத்திவிடக் கூடாது. அந்த மருந்து உடம்பின் பி6-ஐக் குறைத்துவிடும் என்பதால்தான் மருத்துவர் அளவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அது அவசியம்.

குடிப்பவர்களுக்குக் கால் எரிவது எதனால்?

மதுவே நரம்புக்கு நஞ்சு. அதோடு பி1 எனும் தயமினும் குறைகிறது. சாப்பாடு குறைவு, குடல் உறிஞ்சுவதும் குறைவு. பி12 போல இதற்குப் பெரிய சேமிப்பும் கிடையாது, இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதனால் குடிக்காதவர்களுக்கும், கர்ப்பகாலத்தில் விடாமல் வாந்தி எடுத்தாலோ எடைகுறைப்பு அறுவைக்குப் பிறகு உணவு நிற்காமல் போனாலோ இந்தக் குறைவு சீக்கிரம் வரலாம்.

பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயில் காலில் மரப்பும் பலவீனமும்தான் தொடக்கம். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத 1890-களில், ஜாவாவில் வேலை செய்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், நன்றாகத் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொள்வதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிசியின் தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்று நரம்புக்குத் தேவை என்பது அந்தக் கோழிகள் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

குடிப்பவர் ஒருவருக்குத் திடீரென்று குழப்பம், கண் பார்வை அலைபாய்வது, நிற்க முடியாத தள்ளாட்டம் வந்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள். அது மூளையைத் தாக்கும் பி1 குறைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனை.

மரப்பே இல்லை, உள்ளங்கால் எரிச்சல் மட்டும். இதற்கும் வைட்டமினா?

இருக்கலாம். "எரியும் பாதம்" என்றே ஒரு நோய்க்குறி உண்டு. ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன் 1946-இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் கிரியர்சன்–கோபாலன் நோய்க்குறி என்று இன்றும் அவர் பெயரிலும் அழைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அரைப்பட்டினியில் கிடந்த போர்க்கைதிகளிடமும் இது ஏராளமாக இருந்தது. பல பி வைட்டமின்கள் சேர்ந்து குறைவதன் விளைவு அது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு எரிச்சல் மட்டும் இருந்தால் சர்க்கரை நோயின் தொடக்கம், தைராய்டு, சேற்றுப்புண் போன்ற தோல் தொற்று, இறுக்கமான செருப்பு இவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊசி போட வேண்டுமா, மாத்திரை போதுமா?

நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது என்றால் பெரும்பாலான மருத்துவர்கள் ஊசியில்தான் தொடங்குவார்கள். குடல் உறிஞ்சுகிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் நேராக உள்ளே போய்விடும். ஒரு தடவைக்கு 1,000 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. பிரிட்டனில் நரம்புப் பாதிப்பு இருந்தால், முன்னேற்றம் தெரிவது நிற்கும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று குறைக்கிறார்கள். உங்கள் மருத்துவர் வேறு கணக்கில் கொடுக்கலாம்.

மாத்திரையும் சும்மா இல்லை. 1,000 மைக்ரோகிராம் விழுங்கினால், அந்த வயிற்றுப் புரதம் இல்லாதவருக்கும் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே ரத்தத்துக்குள் கசிந்துவிடும். அதாவது 10 மைக்ரோகிராம், அன்றாடத் தேவையைவிட நாலு மடங்கு. அதனால் தீர்ந்துபோன சேமிப்பு முதலில் நிரம்பிய பிறகு பலருக்கு மாத்திரையிலேயே ஓட்டலாம்.

பி12-இன் வடிவங்களான சயனோ, ஹைட்ராக்ஸோ, மெத்தில் இவற்றில் எது உசத்தி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எதை எடுத்தாலும் உடம்பு தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். வடிவத்தைவிட, போதிய அளவு விடாமல் போகிறதா என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

எத்தனை நாளில் சரியாகும்?

ரத்தம் சீக்கிரம் தேறும். ஒரு வாரத்திலேயே புது அணுக்கள் வர ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் ரத்தசோகை போய்விடும். நரம்புக்குப் பொறுமை வேண்டும். முதல் மாற்றம் தெரியவே சில வாரங்கள் முதல் மூன்று மாதம் ஆகலாம். ஆறு மாதம், ஒரு வருடம் வரை முன்னேறிக்கொண்டிருக்கும். அறுபட்ட நரம்பிழை வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்பார்கள். கெண்டைக்காலிலிருந்து விரல் வரை உள்ள தூரத்தை நினைத்துப் பார்த்தால் ஏன் இவ்வளவு காலம் என்று புரியும்.

தொல்லை தொடங்கி எவ்வளவு நாளில் சிகிச்சைக்கு வந்தோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சில மாதங்களில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் முழுதாகத் தேறுகிறது. வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு மேலும் மோசமாகாமல் நிற்கும், ஓரளவு திரும்பும், மிச்சம் நின்றுவிடலாம். இடையில் மரத்துக் கிடந்த இடம் திடீரென்று குத்தவும் எரியவும் ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு மூன்றாவது வாரம் அப்படி ஆனது. நரம்பு உயிர் பெறும்போது சிலருக்கு அப்படி இருக்கும் என்றார் மருத்துவர்.

அதுவரை எரிச்சலை எப்படித் தாங்குவது?

சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், கபாபென்டின், பிரிகாபலின் இவைதான் பொதுவாகக் கொடுக்கப்படுபவை. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகள் என்று படித்துவிட்டு "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே" என்று கோபப்பட வேண்டாம். அவை நரம்புச் செய்தியை அடக்குவதற்காகத்தான் தரப்படுகின்றன. தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரலாம் என்பதால் வயதானவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இவை வலியைத்தான் குறைக்கும், நரம்பைச் சரிசெய்யாது. காரணத்துக்கான சிகிச்சை கூடவே நடக்க வேண்டும்.

எரிகிறதே என்று பனிக்கட்டியில் காலை வைப்பதும், மரத்திருக்கிறதே என்று கொதிக்கும் நீரில் வைப்பதும் ஆபத்து. உணர்வு குறைந்த தோல் வெந்துபோனாலும் சொல்லாது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை நனையுங்கள். தினமும் ஒரு தடவை பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு உட்படப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடியோ வீட்டில் ஒருவரோ உதவலாம். செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

சைவம்தான் சாப்பிடுகிறேன். என்ன செய்யலாம்?

பி12-ஐச் செடியும் தயாரிப்பதில்லை, விலங்கும் தயாரிப்பதில்லை; பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு; 240 மில்லி பாலில் 1 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல். தினமும் இரண்டு வேளை பால் குடிப்பவர், குடல் நன்றாக இருந்தால், தேவையை எட்டிவிடலாம். பாலும் எடுக்காதவர்களுக்கு பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவோ மாத்திரையோ வேண்டும், வேறு வழியில்லை. ஸ்பைருலினாவில் நிறைய பி12 இருக்கிறது என்று விற்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாய்க்குக் குறைந்தால் குழந்தையின் வளரும் மூளைக்கும் குறையும்.

பி12 சரியான அளவில் இருக்கிறது, கால் மட்டும் எரிகிறது. அப்புறம்?

அப்படியானால் தேடல் தொடர வேண்டும். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், தொழுநோய், எச்ஐவி, புற்றுநோய் மருந்துகள், ரத்தத்தில் சில புரதங்கள் கூடுவது என்று பட்டியல் நீளம். எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் வலிக்குச் சிகிச்சை உண்டு. வைட்டமின் குறையாதவருக்கு மேலும் மேலும் வைட்டமின் கொடுப்பதால் நரம்பு தேறாது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சில நாட்களுக்குள் கால் பலவீனம் மேலே மேலே ஏறினால். சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ வராமலோ போனால். தொடையிடுக்கில் உட்காரும் இடம் மரத்தால். ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று விழுந்தால். பாதம் சில்லென்று குளிர்ந்து நீலம் பாரித்தால். மரத்த பாதத்தில் புண் வந்து சிவந்து வீங்கினால். இவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஊசியை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

எதனால் குறைந்தது என்பதைப் பொறுத்தது. சாப்பாட்டில் இல்லாததால் குறைந்தவர், உணவையோ மாத்திரையையோ ஒழுங்குபடுத்திக்கொண்டால் ஊசி தேவைப்படாது. பெர்னீசியஸ் அனீமியா உள்ளவருக்கும், வயிறோ சிறுகுடலின் கடைசிப் பகுதியோ எடுத்தவருக்கும் ஏதாவது ஒரு வடிவத்தில் கடைசி வரை வேண்டும். "இப்ப நல்லா இருக்கேனே" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். கல்லீரல் சேமிப்பு கரைய வருடங்கள் ஆகும் என்பதால் நிறுத்தினதன் விளைவு உடனே தெரியாது. தெரியும்போது நரம்பு மறுபடி கெட்டிருக்கும். அம்மாவுக்கு உடம்பு உறிஞ்சாத வகை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. போட்டுக்கொண்ட அன்றே அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுகிறோம்.